பதினோராம் நாள் வானம்

மூலக்குளம்,
ஜனவரி 7

அன்புள்ள அகஸ்டினா அக்காவுக்கு,

சேசு மரி சூசை உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நீயும் மதரும் மடத்தில் உள்ள மற்ற சிஸ்டர்களும் சுகமா? இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஜெர்ரியும் சுகம். அவருடைய ஆட்டோதான் இருமிக்கொண்டு கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்தனுப்பிய அப்பத் துண்டுகள் வந்தன. கோயில்களுக்காக நீங்கள் சுடும் பூசை அப்பத்தை வட்டமாக வெட்டியபின் ஓரத்தில் மிஞ்சுமே, அது. மொறுமொறுவென்று ஒரே நாளில் தின்று தீர்த்தவர் ஜெர்ரி. எனக்கு டப்பாதான் மிச்சம்.

நீ இப்போது மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய். அப்பா நமக்குப் பழக்கிவிட்ட கர்ப்போட்டக் கணக்கு. டிசம்பர் இருபத்தெட்டில் தொடங்கிப் பதினாலு நாள் வானத்தைப் பார்ப்பது. ஆனி முதல் மார்கழி வரை ஏழு மாதத்துக்கு, மாதத்துக்கு ரெண்டு நாள். அந்த நாளில் மேகம் ஓடினால் அந்தப் பாதி மாதத்தில் மழை. வானம் வெளுத்துக் கிடந்தால் மழை இல்லை. வயலில் நின்ற அப்பாவுக்கு அது தேவைதான். இருபத்து நாலு வருஷமாக நாலு சுவருக்குள் இருக்கும் கன்னியாஸ்திரீக்கு எதற்கு என்று ஜெர்ரி கேட்கிறார். நானும்தான் கேட்கிறேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது.

வானத்தைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இன்றைக்கு வேலை உண்டா, இல்லையா? இன்றைக்கு இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து ஆறு மணி வரை சாரத்தின் மேல் நின்றேன். ஒரு நூல் மேகம் கிடையாது. மார்கழிதானே என்று தலைக்குத் துணி கட்டாமல் போனேன், மண்டை வெந்துவிட்டது.

பதினாறு வருஷம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தேன். ஆறு வருஷமாகக் கரணை பிடித்துச் சுவர் கட்டுகிறேன். இன்றைக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் என் சுவரைப் பார்த்து யார் கட்டியது என்று கேட்டதற்கு, வெற்றிவேல் மேஸ்திரி வாய் கூசாமல், "நம்ம பசங்கதான்"னு சொல்லிட்டார். நான் பையனா அக்கா? ஒரு வீடாவது என் பேரில் கட்ட வேண்டும். அதற்காகவும் ஒரு ஜெபம் சொல்.

கோபத்தோடும் அன்போடும்,
பிரிஸ்கில்லா


மடம், உழவர்கரை,
ஜனவரி 30

என் வாயாடித் தங்கைக்கு,

ஆண்டவர் உனக்கு உடம்பில் பலமும் நாக்கில் கொஞ்சம் அடக்கமும் தரட்டும். நான் சுகம். மதருக்கு முழங்கால் வலி, மற்றபடி குறை இல்லை.

சுவருக்குள் இருப்பவளுக்கு வானம் எதற்கு என்று கேட்ட ஜெர்ரி தம்பியிடம் சொல். எங்கள் மடத்துக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு, மேலே மூடி கிடையாது. இருபது பேருடைய உடுப்பு, நாற்பது படுக்கை விரிப்பு, பீடத் துணிகள், எல்லாவற்றையும் துவைத்துக் காயவைப்பது என் பொறுப்பு. மழை வருவதை மழைக்கு முன்னால் அறியாதவள் இந்த வேலையில் ஒரு வாரம் தாங்க மாட்டாள்.

பதினாலு நாள் கணக்கும் முடிந்தது. கேட்டுக்கொள். ஆனியும் ஆடியும் பேருக்குத் தூறல். ஆவணி, புரட்டாசி நன்றாக நனைக்கும். ஐப்பசி முழுக்கக் கொட்டும். கார்த்திகைப் பின்பாதி பலத்த மழை. மார்கழி சுமார். இதை எங்கேயாவது எழுதி வை, பிறகு கேலி செய்.

எழுத்து யானை மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதே. புதுப் பேனா, மை தடித்து வருகிறது.

மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எங்களுக்கு. தவக்காலத்தில் அதுவும் இல்லை, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் இல்லை. இது உனக்குத் தெரியும். தெரிந்தே வருஷா வருஷம் பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய்.

சாரத்தில் நிற்கும்போது தலைக்குத் துண்டு கட்டு. உன் பேரில் ஒரு வீடு. முட்டி போட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
அகஸ்டினா


மூலக்குளம்,
ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மதரின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. காரணம் இருக்கிறது. உட்கார்ந்து படி.

உங்கள் மடத்துக்குப் பின்தெருவில் தனிஸ்லாஸ் ஐயா இருக்கிறார். பிரான்சு பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சொல்தா வீடு என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மே மாதம் அவருடைய காலி மனைக்குச் சுற்றுச்சுவர் கட்டப் போயிருந்தோம். ஒரு பக்கம் நான் கட்டினேன், எதிர்ப்பக்கம் வெற்றிவேல் மேஸ்திரியே கட்டினார். கடைசி நாள் சொல்தா ரசமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ரெண்டு சுவரிலும் வைத்துப் பார்த்தார். என் சுவரில் குமிழி நடுவில் நின்றது. வெற்றிவேல் சுவரில் நிற்கவில்லை.

"இதைக் கட்டினது யாரு?" என்றார்.

வெற்றிவேல் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான்தான் மிசியே. மூலக்குளம் பிரிஸ்கில்லா."

"அப்ப வூட்டையும் நீயே கட்டு."

அக்கா, அதைக் கேட்டதும் கையில் இருந்த கரணையை நழுவவிட்டேன். நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. டிசம்பர் ஐந்தாம் தேதி அவர் விமானம் ஏறுகிறார். நவம்பர் முப்பதுக்குள் மேல்தளம் கான்கிரீட் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் மார்ச்சில் திரும்பி வந்து மிச்ச வேலையை வெற்றிவேலிடம் கொடுத்துவிடுவார். வெற்றிவேல் இப்போதே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம், பொம்பள போட்ற தளம் மொத மழையிலயே கரையும்னு. தளம் நல்லபடி நின்றால் நான் மேஸ்திரி. கரைந்தால் ஆயுசுக்கும் சித்தாள். வேறு யாரும் எனக்கு வேலை தர மாட்டார்கள்.

நேற்று மனை மூலையில் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் ஏறிப் பார்த்தேன். உங்கள் மொட்டை மாடித் துணிக்கொடி தெரிகிறது. உன்னைத்தான் காணோம்.

இனிமேல் மேஸ்திரி ஆகப்போகிற,
பிரிஸ்கில்லா


மடம், உழவர்கரை,
ஜூலை 9

அன்புள்ள மேஸ்திரி அம்மாவுக்கு,

மோட்சத்தில் இருக்கிற சகல அர்ச்சியசிஷ்டவர்களும் உன் சாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். உன் கடிதம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் வாசிக்கப்பட்டது. ரசமட்டம் இடத்தில் மதரே கை தட்டிவிட்டார். மௌனம் காக்க வேண்டிய நேரம் அது. இதை வெளியே சொல்லாதே.

உனக்குச் சில அடையாளங்கள் சொல்கிறேன், வேலைக்கு உதவும். சாரம் கட்டும் கயிற்றைக் காலையில் தொட்டுப் பார். கயிறு விறைத்துக்கொண்டு நின்றால் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. தளர்ந்து தொங்கினால் கவலை இல்லை. ரயில் ஊதுவது பக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ மழை. உப்பு ஜாடியில் கை விட்டுப் பார். எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையானது நம் அப்பத் துண்டு. வெறும் மாவும் தண்ணீரும்தானே. ராத்திரி ஜன்னலில் வைத்துவிட்டுக் காலையில் காதோரம் ஒடித்துப் பார்ப்பேன். படக்கென்று முறிந்தால் விரிப்புகளைத் துவைப்பேன். வளைந்தால் அன்றைக்குத் துவையல் இல்லை. பதினைந்து வருஷத்தில் அது என்னை ரெண்டு தரம்தான் ஏமாற்றியிருக்கிறது.

தலைக்குத் துண்டு. மறக்காதே.

உன் அக்கா,
அகஸ்டினா


மூலக்குளம்,
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பொய். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது.

இதுவரை செய்த கேலி அத்தனையும் வாபஸ். ஆவணி, புரட்டாசி நனைக்கும் என்றாய், அஸ்திவாரக் குழியில் ரெண்டு தரம் தண்ணீர் இறைத்தோம். ஐப்பசி கொட்டும் என்றாய், பிறந்த மறுநாளே தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் போட நினைத்த தளம் இன்னும் சென்ட்ரிங் பலகையோடு நிற்கிறது. சுவர் எல்லாம் முடிந்தது. கம்பி கட்டுகிறோம். கார்த்திகை பிறந்ததும் போட்டால்தான் உண்டு.

கான்கிரீட் இறுகுவதற்கு முன் கனமழை அடித்தால் சிமெண்டுப் பால் கரைந்து ஓடிவிடும், ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். தார்ப்பாய் போட்டு மூடலாம் என்பார்கள். அவ்வளவு பெரிய தளத்துக்கு அது காற்றில் பறக்கத்தான் லாயக்கு. எனக்கு ஒரு முழுப் பகலும் ஒரு ராத்திரியும் மழை இல்லாமல் வேண்டும். ஜெர்ரியின் போனைப் பார்த்தால் தினமும் மேகப் படமும் சொட்டுப் படமும்தான். மழை பெய்த நாளிலும் அதே படம், வெயில் காய்ந்த நாளிலும் அதே படம்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லா மாதத்துக்கும் சொல்லியிருக்கிறாய், கார்த்திகை முதல் பாதிக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்த ரெண்டு வாரம்தான். நோட்டைப் பார்த்து எழுது.

இன்னொன்று. அடையாளமாகக் கயிறு சொன்னாய், உப்பு சொன்னாய், ரயில் சொன்னாய். மேகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்னெல்லாம் மேகத்தின் நிறத்தை ரெண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. ஏன்?

பிரிஸ்கில்லா


மடம், உழவர்கரை,
அக்டோபர் 31

அன்புள்ள பிரிசிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நான் சுகமே. ஜெபமாலை மாதம் என்பதால் வேலை அதிகம். மதரின் முழங்கால் தேவலை. சுடர்விழி என்று ஒரு பெண் புதிதாக மடத்தில் சேர்ந்திருக்கிறாள், நல்ல பெண்.

தளத்துக்கு ஏன் இத்தனை அவசரம்? சொல்தாவிடம் நயமாகப் பேசி ஜனவரிக்குத் தள்ளிக்கொள்ள முடியாதா? தைக்குமேல் வெயில் நிச்சயம்.

உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அகஸ்டினா


மூலக்குளம்,
நவம்பர் 5

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அதை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன்.

ஜனவரிக்குத் தள்ளு என்கிறாய். தள்ளினால் வீடு வெற்றிவேலுக்குப் போகும் என்று ஜூனிலேயே எழுதியிருந்தேன். அதை மறக்கிறவள் இல்லை நீ. நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லை. அதோடு அந்தக் கடிதத்தில் இருந்தது உன் கையெழுத்தே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக யாரோ எழுதியிருக்கிறார்கள். உனக்கு என்ன ஆயிற்று? கை முறிந்ததா? படுத்த படுக்கையா? மடத்து வாசலில் வந்து கேட்டேன், சுகமாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

மூணு வயசில் கிணற்றுப் படியில் வழுக்கிய என்னைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தவள் நீ. என்னிடம் மறைக்க உனக்கு என்ன இருக்கிறது? பதில் வராவிட்டால் சாரத்தைச் சாய்த்து உங்கள் சுவர் ஏறிக் குதிப்பேன். எனக்குச் சுவர் ஏறத் தெரியும்.

பிரிஸ்கில்லா


மடம், உழவர்கரை,
நவம்பர் 12

என் பிரிசிக்கு,

சுவர் ஏறாதே. இந்த மாதம் எனக்கு இந்த ஒரு கடிதம்தான், முழுவதும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்லச் சுடர்விழி எழுதுகிறாள். போன கடிதமும் அவள் கைதான்.

எனக்குக் கண் தெரியவில்லை. ரெண்டு கண்ணிலும் புரை. போன வருஷம் அக்டோபரில் தொடங்கியது, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரியும். தடித்த பேனா எல்லாம் கதை. துணி துவைக்கக் கண் வேண்டாம், கை போதும். கொடிக்கு எத்தனை அடி என்று காலுக்குத் தெரியும். அதனால் ஒரு பெரிய சிஸ்டரைத் தவிர யாருக்கும் தெரியாமல் வெகுநாள் ஓட்டிவிட்டேன். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், போய் வா என்று மதர் ஆறு மாதமாகச் சொல்கிறார். நான்தான் மாட்டேன் என்கிறேன். வெளியே போய் இருபத்து நாலு வருஷம் ஆகிறது. ரோட்டைக் கடக்கவே பயமாக இருக்கிறது. போதுமா?

கர்ப்போட்ட நாட்களில் அந்தப் பெரிய சிஸ்டர்தான் மாடிக்கு வந்து மேகம் எப்படி என்று சொன்னார், நான் மனசில் எழுதிக்கொண்டேன். பதினோராம் நாள் அவருக்குக் காய்ச்சல். வேறு யாரையும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். கார்த்திகை முதல் பாதிக்கு உண்டான நாள் அதுதான். இல்லாததை உனக்கு எப்படி எழுதுவேன்? பொய்யாக ஒன்று எழுதி உன் தளத்தைக் கரைக்கச் சொல்கிறாயா?

இதுவரைதான் அழுகை. இனிமேல் கேள்.

உன் கோபக் கடிதம் வந்த அன்று, உன் பழைய கடிதங்களை எல்லாம் மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஜனவரியில் வாசித்த பெரிய சிஸ்டர் எப்போதும் தேதியை விட்டுவிட்டு நேரே 'அன்புள்ள அக்காவுக்கு' என்றுதான் தொடங்குவார். சுடர்விழி மேலே இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவள். 'மூலக்குளம், ஜனவரி ஏழு' என்றாள். நான் நிறுத்தச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினேன். ரெண்டு தரம் எண்ணினேன். டிசம்பர் இருபத்தெட்டு ஒன்று என்றால் ஜனவரி ஏழு பதினொன்று.

நீ என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? 'காலை எட்டு மணியிலிருந்து ஆறு மணி வரை சாரத்தின் மேல் நின்றேன். ஒரு நூல் மேகம் கிடையாது.'

நான் பார்க்காத நாளை நீ பார்த்திருக்கிறாய். அதுவும் என்னைக் கேலி செய்கிற கடிதத்திலேயே. அப்பா கணக்குப்படி கார்த்திகை பிறந்து பதினைந்து நாள் மழை இல்லை. வானம் மிரட்டலாம், பெய்யாது.

ஆனாலும் ஒரு நாளைக் குறிக்க வேண்டுமே. அதை அப்பத் துண்டு சொல்லட்டும், அதற்குக் கண் தேவையில்லை. திங்கள் முதல் தினமும் காலையில் ஆறு மணிக்கு எங்கள் கொடியைப் பார். கொடி காலியாக இருந்தால் இறங்கிவிடு. நாற்பது வெள்ளை விரிப்பும் கொடியில் இருந்தால் கலவை மிஷினை ஓட்டு. மதர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அகஸ்டினா


மூலக்குளம்,
நவம்பர் 14

என் தங்கமே, என் மடச்சி அக்காவே,

ஒரு வருஷம் இருட்டில் துணி துவைத்திருக்கிறாய். நான் உனக்குக் கழுத்து சுளுக்கும் என்று எழுதினேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் அழுதேன். ஜெர்ரி பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரைக்குப் பதில் உப்பு.

நாள் குறிக்க உன்னை நம்புகிறேன். போனை நம்பவில்லை, டிவியை நம்பவில்லை, கண் தெரியாத உன்னை நம்பி என் பிழைப்பை அந்தத் தளத்தில் போடுகிறேன். அதற்குப் பதிலாக நீயும் ஒன்று செய்ய வேண்டும். தளம் நின்றால் நீ கண் ஆபரேஷனுக்குப் போகிறாய். நான் பிடிமானம் இல்லாத உயரத்தில் நிற்கிறேன், உனக்கு ரோடு பயமா?

நீ பதில் எழுத முடியாது என்று தெரியும். எழுத வேண்டாம். கொடியில் விரிப்பு ஏறினால் நீ ஆபரேஷனுக்கும் ஒத்துக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் பிடித்துக்கொண்டு ஏறு.

பிரிஸ்கில்லா


மூலக்குளம்,
நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி சூசைக்குக் கோடி நன்றி. நான் சுகம், ஜெர்ரி சுகம், தளம் சுகம்.

இன்றைக்குத் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, கிறிஸ்துமஸ் வரை இதை உனக்குப் படித்துக்காட்ட மாட்டார்கள். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியாது.

பத்து நாள், காலை ஆறு மணிக்கு சென்ட்ரிங் மேல் ஏறிப் பார்த்தேன். பத்து நாளும் கொடி காலி. ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மழையும் பெய்யவில்லை, வேலையும் நடக்கவில்லை. சொல்தா தினமும் காலையில் வந்து, எல்லாம் சரியா என்று பிரெஞ்சில் "சவா?" என்பார், நான் "சவா" என்பேன். புதன்கிழமை ராத்திரி டிவியில் காற்றழுத்தம், கனமழை என்று ஓடியது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள்.

வியாழன், இருபத்தேழாம் தேதி. விடியும்போதே வானம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. வெற்றிவேல் மேஸ்திரி வேடிக்கை பார்க்கவே கிளம்பி வந்திருந்தார். நான் மேலே ஏறினேன்.

கொடியில் விரிப்புகள் இருந்தன. நாற்பது இல்லை, எண்ணவே முடியவில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, சாப்பாட்டு மேசைத் துணி, ஜன்னல் திரை எல்லாம். அந்தக் கறுத்த வானத்துக்குக் கீழே உங்கள் மாடி முழுக்க வெள்ளை.

"மிஷினைப் போடுங்க" என்றேன். யாரும் அசையவில்லை.

கீழே இருந்து வெற்றிவேல் கேட்டார். "கன்னியாஸ்திரீங்க துணி காயப்போட்டா ஒனக்கு இன்னாம்மா? அவங்களுக்கு மழை தெரியுமா?"

"என் அக்காவுக்குத் தெரியும்" என்றேன். "போடுங்கன்னு சொல்றேன் இல்ல."

முதல் கலவையை நானே தூக்கிக் கொட்டினேன். மேஸ்திரி தூக்கக் கூடாது என்பார்கள். பரவாயில்லை, பதினாறு வருஷம் தூக்கியவள். அதன்பிறகு ஆட்கள் நிற்கவே இல்லை. ஆறு பெண்கள், ஐந்து ஆண்கள், ஒரே ஓட்டம். மூணு மணிக்கு வில்லியனூர்ப் பக்கம் இடித்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் கொடியைப் பார்த்தேன். ஒரு விரிப்பைக்கூட யாரும் எடுக்கவில்லை. இடி அப்படியே மேற்கே போய்விட்டது. ஐந்தரை மணிக்குக் கடைசிச் சட்டியைக் கொட்டி மட்டப்பலகை இழுத்தோம். சொல்தா எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

அன்றைக்கு ராத்திரி ஒரு சொட்டு இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. அப்பா கணக்குக்கு ரெண்டு நாள் முந்திக்கொண்டு, நேற்று ராத்திரி பிடித்தது பார் ஒரு மழை, இன்னும் விடவில்லை. இறுகிப்போன தளத்துக்குப் பாத்தி கட்டி நான் தண்ணீர் விட வேண்டிய வேலை, அதையும் வானமே செய்துவிட்டது. இன்று பூசை முடிந்து குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அடியில் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு ஒழுக்கு இல்லை.

வெளியே வந்தால் வெற்றிவேல் நிற்கிறார், தலையில் துண்டோடு. என்ன கேட்டார் தெரியுமா? "மூலக்குளத்துல எனக்கு ஒரு தளம் நிக்குது. ஒங்க அக்காவாண்ட ஒரு நாள் கேட்டுச் சொல்லு மேஸ்திரி."

மேஸ்திரி என்றார் அக்கா. என்னை.

விரிப்பு ஏறிவிட்டது. நீ ஒத்துக்கொண்டுவிட்டாய். மறக்காதே.

மேஸ்திரி பிரிஸ்கில்லா


மடம், உழவர்கரை,
டிசம்பர் 29

அன்புள்ள மேஸ்திரிக்கு,

பிறந்த பாலன் உனக்கும் ஜெர்ரி தம்பிக்கும் எல்லா நன்மையும் தருவாராக. நான் சுகம். எவ்வளவு சுகம் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். ஆமாம், என் கைதான். கோடு வளையவில்லை, பார்த்தாயா?

முதலில் நவம்பர் இருபத்தேழாம் தேதியைச் சொல்கிறேன். பத்து நாளாக அப்பத் துண்டு வளைந்துகொண்டே இருந்தது. காற்றில் ஈரம், ஆனால் பெய்யவும் இல்லை. உனக்கு நாள் போகிறதே என்று எனக்குத் தூக்கம் இல்லை. அன்று நாலு மணிக்கு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். காதோரம் வைத்து ஒடித்தேன். படக்கென்று கேட்டது. இன்னொன்று ஒடித்தேன், அதுவும் படக்கென்றது. கயிறு தளர்ந்து கிடந்தது. மதரை எழுப்பினேன். அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "கறுத்துக் கெடக்குது சிஸ்டர்" என்றார். "கறுத்தா கறுக்கட்டும் மதர், அப்பம் முறியுது" என்றேன்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் சத்தம். முழங்கால் வலிக்காரி வாளியை எடுத்துவிட்டார். இருபது பேரும் துவைத்தோம். நாற்பது விரிப்பு போட்டதும், பின்தெருவில் இருப்பவளுக்கு விடியாத வெளிச்சத்தில் தெரியுமோ தெரியாதோ என்று யாரோ சொல்ல, திரைச்சீலை வரைக்கும் அவிழ்த்துத் துவைத்தார்கள். இடி இடித்தபோது சுடர்விழி துணியை எடுக்க ஓடினாள். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். நாம் எடுத்தால் அங்கே ஒருத்தி பயந்துவிடுவாள் என்றேன்.

டிசம்பர் பத்தாம் தேதி ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். மதரும் சுடர்விழியும் கூட வந்தார்கள். உனக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீ வந்தால் அழுவாய், நானும் அழுவேன், அழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரோடு நான் நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை. இரைச்சல்தான் அதிகம்.

மறுநாள் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். திரும்பும்போது பின்தெரு வழியாகப் போகச் சொல்லி மதரிடம் கேட்டேன். கார் சொல்தா வீட்டுக்கு எதிரே நின்றது. நீ மேலே நின்றாய். தலையில் துண்டு கட்டியிருந்தாய். ஒரு கையில் சுவர் நேர் பார்க்கும் நூல்குண்டு, இன்னொரு கையை நீட்டி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் கம்பித் தடுப்பு இல்லாமல் உன்னைப் பார்த்து இருபத்து நாலு வருஷம் பிரிசி. காதோர முடி நரைத்துவிட்டது உனக்கு, யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ ஏணியில் இறங்க மாட்டாய், குதிப்பாய்.

நேற்று கர்ப்போட்டம் முதல் நாள். கிழக்கே வெள்ளை மேகம், பஞ்சு பஞ்சாக, கீழே கொஞ்சம் சாம்பல் நிறம், மேற்கே பார்த்து ஓடியது. யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன், நானே எழுதினேன். ஆனியில் அஸ்திவாரம் தோண்டுவதாக இருந்தால் முதல் பாதியில் வைத்துக்கொள்ளாதே. வெற்றிவேலுக்கும் சொல்.

கடைசியாக ஒன்று. தளம் அற்புதம். ஆனால் அதன்மேல் நீ எழுப்பிய கைப்பிடிச் சுவர், வடக்கு மூலையில் ஒரு விரற்கடை வெளியே சாய்ந்திருக்கிறது. தெருவில் நின்ற காரில் இருந்து, ஒற்றைக் கண்ணால், கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இடித்துக் கட்டு.

உன் அக்கா,
அகஸ்டினா